மருதம்பட்டையை இதயத்தசை நோய்க்குச் சோதிப்பது எப்படி? முதன்முறை இறங்குபவர்களுக்கு

நாட்டு மருந்துக் கடையில் மருதம்பட்டை கேட்டால், கடைக்காரர் எதற்கென்று கேட்கமாட்டார். டப்பாவைத் திறந்து, எடை போட்டு, பழைய செய்தித்தாளில் மடித்துக் கையில் கொடுத்துவிடுவார். "இதயத்துக்கு நல்லது, பாலில் காய்ச்சிக் குடியுங்கள்" என்ற ஆலோசனைக்குத் தனியாகக் காசு வாங்கமாட்டார். அதே பட்டையை இதயத்தசை தளர்ந்த ஒருவருக்குக் கொடுத்து, பலன் உண்டா இல்லையா என்று மறுபேச்சில்லாமல் சொல்ல வேண்டுமென்றால் இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடிவிடும். அந்த ஆண்டுகளை வீணாக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

மருந்தியல் அல்லது சித்த, ஆயுர்வேத மேற்படிப்பில் ஆய்வேடு எழுதப்போகிறவர்கள், ஆய்வு ஒருங்கிணைப்பாளராகப் புதிதாகச் சேர்ந்த செவிலியர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். நோயாளிகளோ அவர்கள் வீட்டாரோ படிக்க நேர்ந்தால் ஒரு வார்த்தை: மருத்துவர் தந்த மாத்திரை எதையும் இதைப் படித்துவிட்டு நிறுத்த வேண்டாம். ஏன் என்பது கீழே வரும்.

எனக்குத் தெரிந்தவரை, இவ்வகை ஆய்வுகள் தோற்பது கடைசியில் அல்ல, தொடக்கத்தில்தான். எது நோய், எது மருந்து, எது பலன் என்ற மூன்றையும் முதல் நோயாளி வருமுன் காகிதத்தில் எழுதி முடிக்காதவர்கள், இரண்டு ஆண்டு கழித்துக் கையில் ஒரு பெட்டி நிறைய எண்களோடு நிற்பார்கள்.

முதலில் நோயை எழுதுங்கள்

"இதயத்தசை நோய்" என்பது ஒரு நோயின் பெயர் அல்ல, ஒரு குடும்பத்தின் பெயர். அந்தக் குடும்பத்துக்குள்ளேயே ஒருவருக்கொருவர் ஆகாதவர்கள் உண்டு. விரிவு வகையில் இடது கீழறை பலூன்போல் அகன்று, தசை மெலிந்து, ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம் குறைந்துவிடும். தடிப்பு வகையில் நேரெதிர்: தசை தடித்து, அறை சிறுத்து, சிலருக்கு ரத்தம் வெளியேறும் வழியே குறுகிவிடும். முதல் வகைக்குத் துடிப்பின் வலிமையைக் கூட்டும் பொருள் உதவக்கூடும். வழி குறுகிய தடிப்பு வகைக்கு அதே பொருள் ஆபத்து. விலங்குச் சோதனைகளில் மருதம்பட்டைச் சாறு துடிப்பின் வலிமையைக் கூட்டியதாகப் பதிவுகள் இருப்பதால், இரண்டு வகையினரையும் ஒரே ஆய்வில் சேர்ப்பது அறியாமை மட்டுமல்ல, தவறும்கூட.

எனவே விரிவு வகையை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதிலும் மதுவால் வந்ததா, வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு வந்ததா, பிரசவத்தை ஒட்டி வந்ததா, புற்றுநோய் மருந்தால் வந்ததா, பரம்பரையா என்று பிரித்து எழுதுங்கள். மது குடித்து வந்தவர் குடியை விட்டாலே இதயம் ஓரளவு தேறும். அந்த முன்னேற்றம் பட்டையின் கணக்கில் ஏறிவிடக் கூடாது.

இங்கேதான் புதியவர்கள் எல்லோரும் விழும் பள்ளம் இருக்கிறது. எக்கோ அறிக்கையில் "இ.எஃப்." என்று போட்டிருப்பார்களே, அதுதான் ஒரு துடிப்பில் கீழறை வெளித்தள்ளும் ரத்தத்தின் சதவீதம். ஆரோக்கியமானவருக்கு 55-க்கு மேல் இருக்கும். அமெரிக்காவில் புதிதாக இந்நோய் கண்டறியப்பட்ட 373 பேரைத் தொடர்ந்து பார்த்து 2011-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தொடக்கத்தில் அவர்களின் சராசரி இ.எஃப். 24. ஆறு மாதத்தில் 40. எந்த மூலிகையும் இல்லை, வழக்கமான மாத்திரைகள்தான். சுமார் நான்கில் ஒருவருக்கு இ.எஃப். 50-ஐத் தாண்டிவிட்டது.

இப்போது யோசியுங்கள். அந்த 373 பேருக்கும் யாராவது காலையில் ஒரு டம்ளர் மருதம்பட்டைக் கஷாயம் கொடுத்திருந்தால், உலகமே அந்தப் பட்டையைக் கொண்டாடியிருக்கும். அதனால் நோய் கண்டு ஒரு வருடமாவது ஆனவர்கள், கடைசி மூன்று மாதம் மருந்தளவு மாறாதவர்கள் என்று சேர்க்கை விதியை இறுக்குங்கள். ஆள் கிடைப்பது கடினமாகும். ஆகட்டும்.

முன்னால் போனவர்களின் தடம்

மருதம்பட்டையில் நீங்கள் முதல் ஆள் அல்ல. 1995-இல் இந்தூர் மருத்துவர்கள் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். படுத்தாலும் மூச்சு வாங்கும் நிலையில் இருந்த 12 பேர்; அதில் 10 பேருக்குக் காரணம் தெரியாத விரிவு வகை நோய். பட்டைச் சாறு 500 மில்லிகிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரண்டு வாரம். இடையில் இரண்டு வாரம் இடைவெளி. வெற்று மருந்து (பார்க்க அசல்போலவே இருக்கும், உள்ளே மருந்து இல்லாதது) இரண்டு வாரம். எது எப்போது என்று மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. பட்டை எடுத்த வாரங்களில் இ.எஃப். சுமார் 35, வெற்று மருந்து வாரங்களில் சுமார் 30.

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 12 பேர். பன்னிரண்டு பேரில் இருவருக்கு எக்கோ கொஞ்சம் தாராளமாகப் பார்க்கப்பட்டிருந்தாலே சராசரி நகர்ந்துவிடும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கதவைத் தட்டிப் பார்க்க 12 பேர் போதும். வீட்டுக்குள் போக அது போதாது.

வீட்டுக்குள் போய்ப் பார்த்தது டெல்லி எய்ம்ஸ். 2016-இல் வெளிவந்த அவர்களின் ஆய்வில் நாட்பட்ட இதயச் செயலிழப்பு நோயாளிகள் 100 பேர். பட்டையின் நீர்ச்சாறு 750 மில்லிகிராம், தினம் இருவேளை, 12 வாரம். வழக்கமான மாத்திரைகள் தொடர்ந்தன. இ.எஃப். மாறவில்லை. சிலருக்கு நடமாடும் திறனும் அறிகுறி சார்ந்த வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. இந்த முடிவை எத்தனையோ பேர் "பலன் உண்டு" என்றும் அதே அளவு பேர் "பலன் இல்லை" என்றும் மேற்கோள் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். சரியான வாசிப்பு ஒன்றுதான்: முதன்மையாக எதை அளக்கிறோம் என்று சொன்னார்களோ அதில் மாற்றமில்லை, மற்றவை அடுத்த ஆய்வுக்கான கேள்விகள்.

வெளிநாட்டுத் தடங்களில் இரண்டைக் கட்டாயம் பாருங்கள். ஐரோப்பாவில் ஹாதார்ன் என்ற முட்செடியின் இலையும் பூவும் இதயத்துக்கு நல்லது என்று நெடுங்காலமாக நம்பிக்கை. நம் ஊரில் மருதம்பட்டைக்கு உள்ள இடம் அங்கே அதற்கு. சின்னச் சின்ன ஆய்வுகள் பல நல்லபடியாகச் சொன்னபின், 13 நாடுகளில் 2,681 பேரைச் சேர்த்து, தினம் 900 மில்லிகிராம் வீதம் இரண்டு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். 2008-இல் முடிவு வந்தது. இதயம் சார்ந்த மரணம், மாரடைப்பு, செயலிழப்பு முற்றி மருத்துவமனைச் சேர்க்கை எல்லாம் சேர்ந்து, மூலிகை எடுத்தவர்களில் 27.9 சதவீதம், எடுக்காதவர்களில் 28.9 சதவீதம். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மறுபக்கம் சீனாவில் 11 மூலிகைச் சரக்குகள் சேர்ந்த 'சிலிசியாங்சின்' கூட்டு மருந்தை 3,100-க்கு மேற்பட்டோரிடம் சோதித்து 2024-இல் வெளியிட்டார்கள். இதய மரணமும் செயலிழப்பால் மருத்துவமனைச் சேர்க்கையும் சேர்த்து 30 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாகக் குறைந்தன. மூலிகை என்றாலே வெல்லும் என்பதும் பொய், மூலிகை என்றாலே தோற்கும் என்பதும் பொய்.

(இன்னொன்று. இன்று இதயச் செயலிழப்புக்கு எழுதித்தரும் நான்கு முக்கிய மருந்து வகைகளில் ஒன்றான 'ஃப்ளோசின்' மாத்திரைகளின் முப்பாட்டன், 1835-இல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்த ஃப்ளோரிசின். பட்டையை ஏளனம் செய்பவர்களிடம் இதைச் சொல்லலாம். அது பட்டையாகவே நோயாளியிடம் வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.)

புட்டிக்குள் இருப்பது என்ன?

எல்லாவற்றையும்விட அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. புதியவர்கள் அதிவேகமாகத் தாண்டிப்போகும் படியும் இதுவே. "மருதம்பட்டைப் பொடி, கடையில் வாங்கியது" என்று ஆய்வேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

மருதம்பட்டை தரும் நீர்மருது மரத்தை ஆற்றங்கரையில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பட்டை வழவழப்பாக, சாம்பலும் வெளிர்பச்சையும் கலந்து இருக்கும், மேல்பட்டை தகடுதகடாகத் தானே உரியும். உள்பக்கம் செந்நிறம். அதன் பங்காளியான கரிமருதின் பட்டையோ கறுத்து, முதலைத் தோல்போல் கட்டங்கட்டமாக வெடித்திருக்கும். மரமாக நிற்கும்போது குழந்தைகூட வேறுபடுத்திவிடும். இடித்துப் பொடியாக்கியபின் பேராசிரியராலும் கண்ணால் முடியாது. இரண்டுமே பழுப்பு, இரண்டுமே துவர்ப்பு. சந்தையில் ஒன்றுக்கு இன்னொன்று வருவது புதிதல்ல.

ஆகவே பொடியாக வாங்காதீர்கள். பட்டையாக வாங்குங்கள், முடிந்தால் மரத்தை நேரில் பார்த்து, இலை, காய், பட்டை மூன்றையும் அழுத்தி உலர்த்தி மாதிரி எடுங்கள். ஐந்து இறக்கை கொண்ட அந்தக் காய் மிக நல்ல அடையாளம். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. அங்கே மாதிரியைக் காட்டி அடையாளச் சான்றிதழ் பெறலாம். மாதிரி எண்ணை ஆய்வேட்டில் குறிப்பிடுங்கள்.

பிறகு சாறு. பொடியாகவா, நீர்ச்சாறாகவா, சாராயச் சாறாகவா? மூன்றும் மூன்று மருந்து. நீரில் துவர்ப்புப் பொருள்கள் அதிகம் இறங்கும். சாராயத்தில் அர்ஜுனோலிக் அமிலம் போன்றவை நன்றாக இறங்கும். எய்ம்ஸ் சோதித்தது நீர்ச்சாறு என்றால், நீங்கள் சாராயச் சாறு கொடுத்துவிட்டு அவர்களோடு ஒப்பிட முடியாது. பாலில் காய்ச்சுவது மரபு முறை, மதிக்கிறேன். ஆனால் துவர்ப்புப் பொருள்கள் பாலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், நிறமும் மாறிவிடும், வெற்றுப் பாலை அதுபோல் தயாரித்து யாரையும் ஏமாற்ற முடியாது. முதல் ஆய்வுக்குக் கேப்சூல்தான் தோது.

ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதிக்கும் மூன்று காகிதம் கையில் இருக்க வேண்டும். ஒன்று, வேதிக் கைரேகை: மெல்லிய படலத்தில் சாறு ஏறி நிற்கும் கோடுகளின் படம், கூடவே அர்ஜுனோலிக் அமிலம் எத்தனை சதவீதம் என்ற எண். இரண்டு, உலோகச் சோதனை: ஈயம் பத்து லட்சத்தில் 10 பங்கு, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 என்பவை மேல்வரம்புகள். மூன்று, நுண்ணுயிரும் பூஞ்சை நஞ்சும் இல்லை என்ற சான்று. தயாரிப்பாளர் தந்த சான்றை மட்டும் நம்பாமல், வேறொரு ஆய்வகத்துக்கும் ஒரு புட்டி அனுப்புங்கள். செலவுதான். முதல் தொகுதியும் மூன்றாவது தொகுதியும் வெவ்வேறு பொருள் என்று ஆய்வு முடிந்தபின் தெரிவதைவிட மலிவு.

வெற்று மருந்தையும் இதே கவனத்தோடு செய்ய வேண்டும். எடை, நிறம், வாசனை. கேப்சூலைப் பிரித்து நாக்கில் வைத்துப் பார்க்கும் நோயாளிகள் உண்டு. துவர்த்தால் அசல் என்று பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். அதனால் தீங்கில்லாத துவர்ப்பு ஏதாவது கொஞ்சம் வெற்று மருந்திலும் சேர்க்க முடியுமா என்று மருந்தாக்கத் துறையிடம் கேளுங்கள். கேப்சூல் கூடு ஜெலட்டினா, தாவர நாரா என்று சைவ நோயாளிகள் கட்டாயம் கேட்பார்கள். தாவர நாராகவே வாங்கிவிடுங்கள்.

எந்த வாசல் வழியாக?

சட்டப்படி இந்தப் பட்டைக்கு மூன்று வாசல்கள். சித்த, ஆயுர்வேத மருந்தாக. 2015-இல் அறிவிக்கப்பட்ட 'தாவர மருந்து' என்ற புதிய வகையாக (குறைந்தது நான்கு செயற்பொருள்களை அளந்து காட்டிய, தூய்மைப்படுத்திய சாறு). அல்லது உணவுத் துணைப்பொருளாக. மூன்றாவது வாசல் சுலபமாகத் திறக்கும், ஆனால் உணவுத் துணைப்பொருள் எந்த நோயையும் குணமாக்கும் என்று சொல்லச் சட்டம் அனுமதிப்பதில்லை. போதாக்குறைக்கு, 1954-ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரச் சட்டம் விளம்பரத்துக்குத் தடைவிதிக்கும் நோய்களின் பட்டியலில் இதய நோயும் இருக்கிறது. தாவர மருந்து வாசலுக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி தேவை. எந்த வாசலானாலும் நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முன்கூட்டிய பதிவும் வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்க்குமுன் பதிவு செய்தால்தான் பதிவேடு ஏற்கும். "பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

எதை அளக்கப் போகிறீர்கள்?

ஒரே ஒரு முதன்மை அளவீடு. இரண்டு கூடாது. எட்டு அளவீடுகளை வைத்துக்கொண்டு கடைசியில் எது நன்றாக வந்ததோ அதைத் தலைப்பில் போடுவது அம்பு எய்தபின் வட்டம் வரைவது.

இ.எஃப்.-ஐத் தேர்ந்தால், ஒரே நோயாளிக்கு ஒரே நாளில் இருவர் எக்கோ பார்த்தாலும் ஐந்து புள்ளி வித்தியாசம் வருவது சாதாரணம் என்பதை மறக்காதீர்கள். "கண்ணால் பார்த்து 35 என்று போட்டேன்" என்பது அளவீடு அல்ல. இரு கோணங்களில் கீழறையின் ஓரத்தை வரைந்து கணக்கிடும் முறையில், மூன்று துடிப்புகளின் சராசரி எடுக்க வேண்டும். படங்களைப் பெயர், தேதி நீக்கிச் சேமித்து, எது முதல் வருகை, எது கடைசி வருகை என்று தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பணமிருந்தால் எம்.ஆர்.ஐ. இன்னும் நம்பகமானது.

ஆறு நிமிட நடைச் சோதனையைத் தேர்ந்தால், அது பார்ப்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டுபோல் இருக்கும். 30 மீட்டர் நடைபாதை, இரு முனையிலும் ஒரு கூம்பு, ஒரு நாற்காலி, ஒரு நிறுத்தக் கடிகாரம். நோயாளி ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பதுதான் கணக்கு. ஆனால் ஒரு பகல் பொழுது பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு செவிலியர் நிமிடத்துக்கு ஒரு முறை "நன்றாக நடக்கிறீர்கள், இன்னும் நான்கு நிமிடம்" என்று ஒரே குரலில் சொல்வார். இன்னொருவர் பாசக்காரர், "அப்படித்தான் ஐயா, விடாதீர்கள், இன்னும் கொஞ்சம்!" என்று கூடவே நடப்பார். அவருடைய நோயாளிகள் எல்லாரும் அதிக தூரம் நடந்திருப்பார்கள். இடையில் ஸ்ட்ரெச்சர் குறுக்கே வரும். ஒருவர் முதல் நாள் செருப்பிலும் மூன்றாம் மாதம் ஷூவிலும் வந்திருப்பார். ஒரு அம்மா சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டே நடப்பார். இரண்டாவது முறை நடக்கும்போது யாராக இருந்தாலும் முதல் முறையைவிடக் கூடுதலாக நடப்பார்கள், பழக்கம் காரணமாக.

பெரும்பாலான இதய நோயாளிகளுக்கு 30 மீட்டர் கூடினால்தான் அவர்களாலேயே வித்தியாசத்தை உணர முடியும். பாசக்காரச் செவிலியரின் குரலுக்கே அந்த 30 மீட்டர் வந்துவிடும். எனவே என்ன சொல்ல வேண்டும் என்ற வசனத்தை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒரே நடைபாதை, ஒரே நேரம், ஒரே காலணி. முதல் வருகையில் இரண்டு முறை நடக்கவிட்டு இரண்டாவதை மட்டும் கணக்கில் எடுங்கள். ஹாதார்னை மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 120 பேரிடம் ஆறு மாதம் சோதித்தபோது இதே நடைத் தூரத்தைத்தான் முதன்மையாக வைத்தார்கள். பலன் இல்லை என்று 2009-இல் நேர்மையாக எழுதினார்கள்.

எத்தனை பேர்?

புள்ளியியல் துறைக்குப் போகுமுன் இந்தக் கணக்கை நீங்களே ஒரு முறை போட்டுப் பாருங்கள்; பேரம் பேச உதவும். இ.எஃப்.-இல் 5 புள்ளி வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும், நோயாளிக்கு நோயாளி மாற்றம் சிதறும் திட்ட விலக்கம் 10 என்று வையுங்கள். வழக்கமான 80 சதவீதத் திறனுக்கு (வித்தியாசம் உண்மையில் இருந்தால் அதை ஆய்வு கண்டுபிடிக்கும் வாய்ப்பு) ஒரு அணிக்கு 63 பேர். நூற்றுக்குப் பதினைந்து பேர் நடுவில் நின்றுவிடுவார்கள் என்றால் 75. மொத்தம் 150.

5 புள்ளி என்பது ஆசை. ஏற்கெனவே நான்கு வகை மாத்திரை சாப்பிடுபவருக்குப் பட்டை கூடுதலாக 3 புள்ளி தந்தாலே பெரிது. 3 என்று போட்டால் ஒரு அணிக்கு 175. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இங்கேதான் பலர் வித்தியாசத்தை 7 என்று மாற்றி, ஆளைக் குறைத்து, வழிகாட்டியிடம் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால், பட்டை உண்மையிலேயே வேலை செய்தாலும் உங்கள் ஆய்வுக்கு அது தெரியாது. ஒரே ஊரில் 350 பேர் கிடைக்காவிட்டால், இரண்டு மூன்று மருத்துவமனைகளைச் சேருங்கள். அதுவும் முடியாவிட்டால், இது முன்னோட்ட ஆய்வு என்று வெளிப்படையாகச் சொல்லி, பாதுகாப்பையும் ஆள்சேர்க்கை வேகத்தையும் மட்டும் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குலுக்கல்

யாருக்குப் பட்டை, யாருக்கு வெற்று மருந்து என்பதைக் கணினிக் குலுக்கல் தீர்மானிக்க வேண்டும்; ஆய்வாளர் கை அதில் படவே கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எண் போட்ட உறைகளுக்குள் சீட்டு வைத்து மேசை இழுப்பறையில் அடுக்கியிருந்தோம். ஒரு நாள் மாலை சும்மா ஒரு உறையை டியூப்லைட் பக்கம் தூக்கிப் பிடித்தேன். உள்ளே 'அ' என்ற எழுத்து பளிச்சென்று தெரிந்தது. எனக்குத் தெரிந்தால் எல்லாருக்கும் தெரியும். மெலிந்து சோர்ந்த நோயாளி வரும்போது, மனம் இளகி அடுத்த 'அ' உறையை எடுக்கக் கை நீளாது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. மறுநாளே உறைகளுக்குள் கார்பன் தாள் வைத்தோம். இன்றைக்கு அதைவிட நல்ல வழி, புட்டிகளை மருந்தகத்திலேயே எண்ணிட்டு, எந்த எண்ணில் எது என்ற திறவுகோல் பட்டியலை ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் பூட்டிவைப்பது.

ஒப்புதல் பேச்சு

படிவத்தைத் தமிழில் மொழிபெயர்த்தால் போதாது. அதைத் தமிழில் பேசத் தெரிய வேண்டும். அரை மணி நேரம் ஒதுக்குங்கள், கூட வந்தவரையும் உட்காரவையுங்கள். கேள்வி கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான்.

"தம்பி, எனக்குக் கொடுப்பது நிஜ மருந்தா, வெறும் மாவா?"

"எனக்கே தெரியாது அம்மா. டாக்டருக்கும் தெரியாது. ஆய்வு முடிந்தபின் உங்களுக்குக் கண்டிப்பாகச் சொல்வோம்."

"அப்போது இதுவரை சாப்பிட்ட மாத்திரை?"

"அதில் ஒன்றைக்கூட நிறுத்தக் கூடாது. இது அதற்கு மேலே கூடுதலாகத்தான்."

அந்தக் கடைசி வரியை மூன்று முறையாவது சொல்லுங்கள். லண்டனில் 2019-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், விரிவு நோயிலிருந்து முழுதும் தேறிவிட்டதாகத் தோன்றிய 51 பேரில் பாதிப்பேருக்கு மாத்திரைகளைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்தார்கள். நிறுத்தியவர்களில் 44 சதவீதத்தினருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. தேறியவர்களுக்கே அந்தக் கதி. மூலிகை கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில் ஒரு நோயாளி வீட்டில் தானாக மாத்திரையைக் குறைத்தால், உங்கள் ஆய்வே அவரைக் கெடுத்ததாகிவிடும்.

நடத்தும்போது

சோதனைக்குழாய் ஆய்வுகளில் மருதம்பட்டைச் சாறு, மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகள் சிலவற்றைத் தடுத்திருக்கிறது. மனித உடலில் அது எவ்வளவு என்பதே உங்கள் ஆய்வு காட்ட வேண்டிய ஒன்று. அதனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர்களைச் சேர்ப்பதானால் ரத்த உறைவுச் சோதனையை அடிக்கடி பாருங்கள்; இதய மருந்தான டிகாக்சின் சாப்பிடுபவர்களுக்கு ரத்தத்தில் அதன் அளவைப் பாருங்கள். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒவ்வொரு வருகையிலும். கல்லீரல், சிறுநீரகச் சோதனை முதல் மாதத்திலேயே ஒரு முறை.

ஒவ்வொரு வருகையிலும் புட்டியைத் திரும்ப வாங்கி எண்ணுங்கள். கச்சிதமாக ஒன்றுகூட மிச்சமில்லாமல் வரும் புட்டியைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் கொட்டிவிட்டு வருபவர்கள் உண்டு. திட்டினால் அடுத்த முறையும் அப்படித்தான். "எத்தனை நாள் மறந்தது?" என்று இயல்பாகக் கேட்டால் உண்மை வரும். வெளியிலிருந்து வேறு லேகியம், கஷாயம் எடுக்கிறாரா என்றும் அதே மூச்சில் கேளுங்கள். வெற்று மருந்து அணியில் இருப்பவர் வீட்டில் தனியாக மருதம்பட்டை காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தால் ஆய்வு சந்தி சிரித்துவிடும்.

யாராவது மருத்துவமனையில் சேர்ந்தாலோ இறந்தாலோ, காரணம் பட்டை அல்ல என்று உங்களுக்கு எவ்வளவு உறுதியாகத் தோன்றினாலும், தகவல் 24 மணி நேரத்தில் போயாக வேண்டும்: நெறிமுறைக் குழுவுக்கு, நிதி தருபவருக்கு, தாவர மருந்து வாசல் என்றால் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும். எது காரணம் என்று ஆராய்வது அதற்குப் பிறகுதான்.

முத்திரை உடைத்தபின்

திறவுகோலைத் திறக்குமுன் பகுப்பாய்வுத் திட்டத்தைத் தேதியிட்டுக் கையெழுத்திட்டு வையுங்கள். குலுக்கலில் எந்த அணியில் விழுந்தாரோ அந்த அணியிலேயே அவரைக் கணக்கிடுங்கள், மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாவிட்டாலும்.

முதன்மை அளவீட்டில் ஒன்றும் வராதபோது மனம் உட்பிரிவுகளைத் தேடும். ஐரோப்பிய ஹாதார்ன் ஆய்விலும் அது நடந்தது. இ.எஃப். 25-க்குக் குறையாதவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது திடீர் மரணம் கணிசமாகக் குறைந்திருந்தது. ஆர்வமூட்டும் செய்திதான். ஆனால் மொத்தத்தில் தோற்ற ஆய்வின் ஒரு மூலையில் கிடைத்த வெற்றி அடுத்த ஆய்வின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது, இந்த ஆய்வின் தலைப்பில் அல்ல. மருதம்பட்டை தோற்றாலும் அப்படியே எழுதி அனுப்புங்கள். மூலிகை ஆய்வுகளை எப்படி அறிக்கையிட வேண்டும் என்று 2006-இலேயே சர்வதேச நெறிமுறை வந்துவிட்டது. தாவரத்தின் எந்தப் பாகம், எந்தச் சாறு, எந்தத் தொகுதி என்று அது கேட்கும் எல்லாவற்றுக்கும் நீங்கள் சேர்த்துவைத்த மூன்று காகிதங்களில் பதில் இருக்கும். ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு புட்டியைத் திறக்காமல் குளிர்ந்த இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

கடைசியாக, பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் தமிழில் ஒரு பக்கக் கடிதம் போக வேண்டும்: உங்கள் புட்டியில் இருந்தது இது, ஆய்வில் தெரிந்தது இது. கடிதம் கிடைத்த மறுநாளே தொலைபேசி அடிக்கும். "தம்பி, அந்தப் பட்டையை இனி நான் குடிக்கலாமா, வேண்டாமா?" என்று அந்த அம்மா கேட்பார். அதற்கான இரண்டு வரிப் பதிலை, கடிதத்தைத் தபாலில் போடுமுன்பே அவருடைய இதய மருத்துவரோடு உட்கார்ந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.